கிளோப் போனால் யார்? அப்பா போனால் யார்?

2024 ஜனவரி 26. தைப்பூசத்துக்கு மறுநாள். பத்துமலையிலிருந்து விடியற்காலையில் வீடு திரும்பி, விடுப்பு எடுத்துக்கொண்டு பகல் முழுக்கத் தூங்கி எழுந்து, மாலைத் தேநீரைக் கையில் எடுத்த நேரம். கைப்பேசி நிற்காமல் துடித்தது. குடும்பக் குழுவில் தம்பி ஒரே வரி போட்டிருந்தான்: “கிளோப் போறாராம்.”

முதல் நாள் இரவுதான் கட்டாரில் ஆசியக் கிண்ண ஆட்டத்தில் நம் ஹரிமாவ் மலாயா, தென்கொரியாவை 3-3 என்று சமன் செய்திருந்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் ரோமெல் மொராலெஸ் அடித்த கோலை நினைத்து நினைத்து அப்பா காலையிலிருந்து சிரித்துக்கொண்டிருந்தார். தம்பி அனுப்பியதைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். எழுந்துபோய்ப் பின்பக்கம் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். பத்து நிமிடம் கழித்து வந்து சொன்னது இவ்வளவுதான்: “தெரிஞ்சு போறான். நல்லவன்.”

அப்பா லிவர்பூல் ரசிகர். சாதாரண ரசிகர் இல்லை. 1977-இல் லிவர்பூல் முதன்முறையாக ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றபோது அவருக்கு 17 வயது. தோட்டத்து மளிகைக் கடையில் சாமான் மடித்துக் கொடுக்கும் ஆங்கிலப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தைக் கேட்டு வாங்கிச் சேர்த்து வைத்தவர். 2020-இல் 30 ஆண்டுகள் காத்திருந்து லீக் கிண்ணம் வந்தபோது, விடியற்காலை நேரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் தனியாக எழுந்து நின்று கைதட்டினார். அந்தக் கிண்ணத்தைக் கொண்டுவந்த யர்கன் கிளோப்தான் இப்போது, தன் சக்தி தீர்ந்துகொண்டு வருகிறது, பருவம் முடிந்ததும் விடைபெறுகிறேன் என்கிறார்.

2015 அக்டோபரில் வந்தவர். அந்த நேரத்தில் பிரீமியர் லீக்கில் ஒரே கிளப்பில் நீண்ட காலம் இருந்த நிர்வாகி அவர்தான். ஒப்பந்தம் 2026 வரை இருந்தது. யாரும் போகச் சொல்லவில்லை. அணி பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. அதனால்தான் அந்தச் செய்தி அப்படி இடித்தது.

வானொலியில் ஒரு சனிக்கிழமை

மறுநாள் காலை எனக்கு நிகழ்ச்சி. தைப்பூச அனுபவங்களைப் பற்றிப் பேசுவதாகத்தான் ஏற்பாடு. நான் தலைப்பை மாற்றலாமா என்று கேட்டேன். தயாரிப்பாளர் தயங்கினார். “காற்பந்தா? காலையில பெண்கள்தான் நிறைய கேட்பாங்களே” என்றார். “நானும் பெண்தானே” என்றேன். அரை மணி நேரம் கொடுத்தார்.

கேள்வி ஒன்றுதான்: கிளோப்புக்குப் பிறகு யார்?

அரை மணி நேரம் ஒன்றரை மணி நேரம் ஆனது. அழைத்த முதல் நேயரே பெண். ஈப்போவில் தாதி. இரவுப் பணி முடிந்து காரில் போய்க்கொண்டிருந்தார். “சாபி அலோன்சோதான் வரணும். நம்ம வீட்டுப் பிள்ளை” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. 2005-இல் இஸ்தான்புல்லில் ஏசி மிலானுக்கு எதிராக 3-0 என்று பின்தங்கிக் கிடந்த அணியை 3-3 ஆக்கிய கோலை அடித்தவர் அலோன்சோ. பெனால்டியைக் கோல்காவலர் தடுத்தார், திரும்பி வந்த பந்தை உள்ளே தள்ளினார். நிர்வாகியாகவும் அப்போது ஜெர்மனியில் பாயர் லெவர்குசன் அணியை ஒரு தோல்வி கூட இல்லாமல் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்.

அடுத்தடுத்து வந்த அழைப்புகளைக் கேட்கக் கேட்க, ரசிகர்கள் நான்கு கட்சியாகப் பிரிந்திருப்பது புரிந்தது. முதல் கட்சிக்கு வீட்டுப் பிள்ளை வேண்டும். அலோன்சோ, இல்லையென்றால் ஸ்டீவன் ஜெரார்ட். ஜெரார்ட் ஆஸ்டன் வில்லாவில் வேலை இழந்து சவூதியில் இருப்பதை நினைவுபடுத்தினால் கோபம் வருகிறது. இரண்டாம் கட்சிக்குப் புதுச் சிந்தனை வேண்டும். பிரைட்டனின் ரொபர்ட்டோ டி செர்பி, ஸ்போர்ட்டிங் லிஸ்பனின் ரூபன் அமோரிம், ஜெர்மனியின் நாகல்ஸ்மன் என்று பெயர்கள் பறந்தன. மூன்றாம் கட்சி சிறியது. பக்கத்திலேயே இருந்த துணைப் பயிற்றுநர் பெப் லைண்டர்ஸையே உட்கார வைக்கலாம் என்றது. ஆனால் அவரும் கிளோப்போடு கிளம்புகிறார் என்ற செய்தி வந்திருந்தது.

நான்காம் கட்சி மென்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள். அவர்களுக்கு யார் வரவேண்டும் என்பதில் அக்கறையே இல்லை. ஆனால் மிக அதிகமாக அழைத்தவர்கள் அவர்கள்தான்.

பட்டவர்கள் சொன்னது

ஷா ஆலாமில் லாரி உதிரிபாகக் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணன் பேசினார். குரலில் கிண்டல் இல்லை. “தங்கச்சி, நாங்க பட்டவங்க. யார் வருவாங்கன்னு பேசுற இந்த நாலு மாசம்தான் உங்களுக்குச் சந்தோஷம். அனுபவிச்சுக்குங்க” என்றார்.

சர் அலெக்ஸ் பெர்குசன் 1986 நவம்பரில் யுனைடெட்டுக்கு வந்தார். 26 ஆண்டுகளுக்கு மேல் இருந்து 13 லீக் கிண்ணங்கள் உட்பட 38 கிண்ணங்கள் வாங்கிக் கொடுத்தார். 2013 மே 8-ஆம் தேதி ஓய்வை அறிவித்தார். மறுநாளே டேவிட் மோய்ஸ் பெயர் வந்துவிட்டது. ரசிகர்கள் ஒரு மாமாக் கடை மேசையில் உட்கார்ந்து விவாதித்து முடிக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. எவர்ட்டனில் 11 ஆண்டுகள் இருந்த மனிதர், பெர்குசனைப் போலவே ஸ்காட்லாந்துக்காரர், பெர்குசனே கைகாட்டியவர். ஆறு ஆண்டு ஒப்பந்தம். தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்று எழுதி அவர் படத்தோடு அரங்கில் ஒரு பெரிய பதாகை தொங்கியது. அடுத்த மார்ச் மாதம் அதே அரங்குக்கு மேலே ஒரு சிறு விமானம், அவரைப் போகச் சொல்லும் வாசகத்தை இழுத்துக்கொண்டு பறந்தது. 2014 ஏப்ரல் 22-இல் வேலை போனது. பத்து மாதம்.

“மோய்ஸ் கெட்டவர் இல்ல” என்றார் அந்த அண்ணன். “ஆனா வந்ததும் பெர்குசன் கூட இருந்த பயிற்றுநர்களை மாத்திட்டு, எவர்ட்டன்ல இருந்த தன் ஆளுங்களைக் கொண்டு வந்தார். கிளப்போட தலைமை நிர்வாகியும் அதே நேரத்துல போயிட்டார். ஆட்டக்காரங்களும் வயசானவங்க. கிக்ஸுக்கு 40. வீட்டுல ஒரே நாளுல தூண், உத்தரம், கூரை எல்லாத்தையும் மாத்தினா என்ன ஆகும்?”

அதற்குப் பிறகு வான் ஹால், மொரின்ஹோ, சோல்சார், டென் ஹாக். இடைக்காலத்துக்கு வந்தவர்கள் தனி. பெரிய பெயர், வீட்டுப் பிள்ளை, புதுச் சிந்தனை என்று எங்கள் நேயர்கள் சொன்ன எல்லா வகையும் அந்தப் பட்டியலில் இருந்தன. லீக் கிண்ணம் மட்டும் ஒருமுறை கூட வரவில்லை.

அவருக்குப் பின் பினாங்கிலிருந்து ஓர் ஆர்சனல் ரசிகர். கணினித் துறையில் வேலை, இருபதுகளில் இருப்பவர். ஆர்சன் வெங்கர் 22 ஆண்டுகள் இருந்த கிளப். 2004-இல் 38 லீக் ஆட்டங்களில் ஒன்றில் கூடத் தோற்காமல் கிண்ணம் வென்ற மனிதரைத்தான், 2017-இல் ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து நின்று சண்டையிட்டார்கள். ஒரே ஆட்டத்தின்போது ஒரு விமானம் வெங்கர் போகவேண்டும் என்றும், இன்னொரு விமானம் அவரை நம்புகிறோம் என்றும் பதாகை இழுத்துப் பறந்தன. “எங்க வீட்டுல அண்ணனும் நானும் அந்த ரெண்டு விமானம் மாதிரி இருந்தோம். ஆறு மாசம் பேசிக்கல” என்றார்.

2018-இல் வெங்கர் விலகியபோது மிக்கேல் ஆர்டெட்டாவின் பெயர்தான் பலமாக அடிபட்டது. கடைசி நேரத்தில் உனாய் எமெரி வந்தார். 18 மாதத்தில் அவர் போனார். பிறகு அதே ஆர்டெட்டா. முதல் இரண்டு பருவமும் எட்டாவது இடம். மற்ற கிளப்பாக இருந்தால் அனுப்பியிருப்பார்கள். ஆர்சனல் பொறுத்தது. அதன் பிறகு தொடர்ந்து இரண்டாம் இடத்துக்குப் போட்டி போடும் அணியானது. “சரியான ஆளைத் தேடுறதுல பாதி, வந்த ஆளைச் சரியாக விடுறதுல பாதி” என்று அந்தத் தம்பி சொன்னதை நான் ஒரு தாளில் எழுதி வைத்தேன்.

பூட்ஸ் அறையிலிருந்து வந்தவர்

நிகழ்ச்சி முடிந்து வீட்டுக்கு வந்தேன். அப்பா முழுவதையும் கேட்டிருந்தார். “எல்லாம் பேசினீங்க. பெய்ஸ்லியைப் பத்தி ஒருத்தரும் பேசலையேம்மா” என்றார்.

அன்றிரவு மாமாக் கடையில் தே தாரிக் ஆறும்வரை அப்பா சொன்ன கதை இது. 1974 ஜூலையில் லிவர்பூலின் பில் ஷங்க்லி திடீரென்று விலகினார். 15 ஆண்டுகளுக்கு முன் இரண்டாம் நிலையில் கிடந்த கிளப்பைத் தூக்கி நிறுத்தியவர். எப்.ஏ. கிண்ணம் வென்று இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. வயது 60. அவருடைய இடத்துக்குக் கிளப் பெரிய பெயர் எதையும் வெளியே தேடவில்லை. பாப் பெய்ஸ்லியைக் கூப்பிட்டது. ஆட்டக்காரராக 1939-இல் அங்கே சேர்ந்தவர். பிறகு காயத்துக்கு மருந்து போடுபவர், பயிற்றுநர், துணை நிர்வாகி. அன்பீல்டில் பூட்ஸ் அடுக்கி வைக்கும் சின்ன அறையில் மற்ற பயிற்றுநர்களோடு உட்கார்ந்து ஆட்டத்தைப் பேசுவதுதான் அவருக்குத் தெரிந்த உலகம். மேடைப் பேச்சு வராது. அந்தப் பதவியே வேண்டாம் என்று தயங்கியவர்.

அவர் ஒன்பது ஆண்டுகள் இருந்தார். ஆறு லீக் கிண்ணங்கள், மூன்று ஐரோப்பியக் கிண்ணங்கள். ஷங்க்லியால் ஐரோப்பியக் கிண்ணத்தைத் தொடவே முடிந்ததில்லை.

“ஆனா இதுல இன்னொரு பக்கம் இருக்கும்மா” என்றார் அப்பா. விலகிய ஷங்க்லியால் வீட்டில் இருக்க முடியவில்லை. தினமும் பயிற்சித் திடலுக்கு வந்தார். ஆட்டக்காரர்கள் பழக்கத்தில் அவரையே பாஸ் என்று கூப்பிட்டார்கள். புது நிர்வாகி பக்கத்தில் நிற்கிறார். கடைசியில் அந்த மாபெரும் மனிதரை வராமல் இருக்கச் செய்யவேண்டிய நிலை வந்தது. அந்தக் காயம் அவருக்குக் கடைசிவரை ஆறவில்லை. யுனைடெட்டிலும் இதே கதைதான். 1969-இல் சர் மேட் பஸ்பி விலகினார், ஆனால் பொது நிர்வாகியாகக் கிளப்பிலேயே இருந்தார். அவருக்குப் பின் வந்த வில்ப் மெக்கின்னஸுக்கு வயது 31. ஒன்றரை ஆண்டில் அவர் கதை முடிந்தது, பஸ்பியே திரும்ப வந்து உட்கார்ந்தார். 1974-இல் அணி இரண்டாம் நிலைக்கு இறங்கியது.

இதைச் சொல்லிவிட்டு அப்பா டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு, “நானும் நிறுத்தலாம்னு இருக்கேன்” என்றார்.

எங்கள் தாமான் திடல்

கிள்ளானில் எங்கள் தாமான் திடலில், 2001-இலிருந்து சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அப்பா பிள்ளைகளுக்குக் காற்பந்து சொல்லிக்கொடுக்கிறார். பெரும்பாலும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள். மாதம் 20 ரிங்கிட். கொடுக்க முடியாதவர்களிடம் கேட்பதில்லை. தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்தபோதும் சனிக்கிழமை மாலை வேலைக்கு ஒப்புக்கொண்டதில்லை. என் நிச்சயதார்த்தத்தையே ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்ற வைத்தவர். இப்போது முட்டி விட்டுவிட்டது. அறுவை சிகிச்சை செய்யவேண்டும் என்று மருத்துவர் சொல்லி ஓராண்டு ஆகியிருந்தது. எங்களிடம் சொல்லவில்லை.

அப்பா நிறுத்தப்போகிறார் என்ற செய்தி இரண்டே வாரத்தில் பெற்றோர்களிடம் பரவியது. அதே மாமாக் கடை. அதே மேசை. வானொலியில் கேட்ட நான்கு கட்சியும் என் கண்முன்னே மறுபடி உட்கார்ந்தன.

ஒரு கட்சிக்கு என் தம்பி வரவேண்டும். மாவட்ட அளவில் ஆடியவன், கோச்சுடைய மகன். அவன் ஜொகூர் பாருவில் வேலை செய்கிறான், வாரம் ஒருமுறை 300 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி வரமுடியாது என்று சொன்னால், “மனசு இருந்தா வரலாம்” என்றார் ஒரு மாமா. இன்னொரு கட்சிக்குச் சான்றிதழ் வைத்திருக்கும் வெளிப் பயிற்றுநர் வேண்டும். கட்டணம் மாதம் 120 ரிங்கிட் ஆகும், ஆனால் பிள்ளைகள் மாநில அணி வரை போவார்கள். மூன்றாம் கட்சி, கோச் இல்லையென்றால் எங்கள் பிள்ளையை நிறுத்திவிடுகிறோம் என்றது. நான்காவது கட்சியில் அப்பா மட்டும்தான் இருந்தார்.

அப்பா சொன்னது ஒரு பையனை. பையன் என்று நாங்கள்தான் சொல்கிறோம், அவருக்கு 29 வயது. பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. ஒன்பது வயதில் அப்பாவிடம் வந்தவர். வீட்டில் சிரமம். அப்பாதான் முதல் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தார். பெரியவரான பிறகும் சனிக்கிழமை வருவதை விடவில்லை. பந்துக்குக் காற்றடிப்பார், கோன்களை அடுக்குவார், ஐஸ் தண்ணீர் தூக்கி வருவார், அழுகிற பிள்ளையை ஓரமாகக் கூட்டிப்போய்ப் பேசுவார். அதிகம் பேசமாட்டார். அதனால் மேசையில் அவர் பெயர் யாருக்கும் தோன்றவே இல்லை.

“அண்ணே, அவன் பொட்டலம் போடுறவன்” என்றார் ஒரு பெற்றோர்.

அப்பாவுக்குக் கோபம் வந்து நான் அதிகம் பார்த்ததில்லை. அன்று வந்தது. “பெய்ஸ்லி கொத்தனார் வேலை கத்துக்கிட்டவரு” என்றார். அங்கிருந்த பாதிப் பேருக்குப் பெய்ஸ்லி யார் என்றே தெரியாது. ஆனால் அந்தக் குரலுக்குப் பிறகு யாரும் பேசவில்லை.

இங்கே நானும் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். எனக்கும் அந்த முடிவில் நம்பிக்கை இல்லை. வெளிப் பயிற்றுநரைக் கொண்டுவந்தால் திடலுக்கே ஒரு மதிப்பு வரும் என்று வீட்டில் அப்பாவிடம் வாதாடினேன். அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “அந்தாளுக்கு 26 பிள்ளைங்க பேரும் தெரியுமா?”

பெயரைச் சொல்லிப் பாடிய நிர்வாகி

மார்ச் மாதக் கடைசியில் அலோன்சோ லெவர்குசனிலேயே இருப்பதாக அறிவித்தார். எங்கள் ஈப்போ தாதி வானொலிக்குச் சோக முகம் அனுப்பினார். கடைசியில் வந்தவர், அந்தச் சனிக்கிழமை ஒன்றரை மணி நேரத்தில் ஒரே ஒரு நேயர் கூடச் சொல்லாத பெயர்: நெதர்லாந்தின் பெய்னோர்ட் அணியின் ஆர்னே ஸ்லோட்.

2024 மே 19, இரவு 11 மணி ஆட்டம். வூல்ப்ஸை 2-0 என்று வென்றபின் கிளோப் ஒலிவாங்கியைப் பிடித்தார். அழுதுகொண்டிருந்த அரங்கத்தின் முன்னால், இன்னும் வந்து சேராத ஸ்லோட்டின் பெயரைத் தானே பாட்டாகப் பாடி, ரசிகர்களையும் பாட வைத்தார். 2013-இல் பெர்குசனும் தன் விடைபெறும் உரையில், புது நிர்வாகிக்குத் துணை நிற்பதுதான் இனி உங்கள் வேலை என்று ரசிகர்களிடம் கேட்டுக்கொண்டார். ஆனால் கிளோப் செய்தது வேறு மாதிரி இருந்தது. தன் மேல் இருந்த அன்பைக் கையில் எடுத்து அடுத்தவருக்குக் கொடுத்ததுபோல. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஸ்லோட் வந்து பெரிதாக எதையும் உடைக்கவில்லை. அந்தக் கோடையில் முதல் அணிக்கு அவர் உடனே சேர்த்துக்கொண்ட புது ஆள் கியேசா ஒருவர்தான். இருந்த அணியையே கொஞ்சம் நிதானமாக ஆட வைத்தார். ஓரமாக உட்கார்ந்திருந்த கிராவன்பெர்கை நடுத்திடலில் முக்கிய ஆளாக்கினார். 2025 ஏப்ரல் 27-இல் டோட்டன்ஹமை 5-1 என்று வென்று, நான்கு ஆட்டங்கள் மீதம் இருக்கும்போதே லீக் கிண்ணம். லிவர்பூலின் 20-ஆவது. யுனைடெட்டின் எண்ணிக்கைக்குச் சமம்.

எங்கள் திடலில் கதை அவ்வளவு சுலபமாக இல்லை. முதல் மூன்று மாதத்தில் ஏழு பிள்ளைகள் நின்றார்கள். புதுக் கோச் அப்பாவின் பயிற்சிகளை அப்படியே தொடர்ந்தார், ஒன்றையும் மாற்றவில்லை. மாற்றப் பயந்தார் என்பதுதான் உண்மை. காரணம், திடலுக்கு எதிரே காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கிவிட்டு அப்பா உட்கார்ந்திருந்தார். அறுவை சிகிச்சை முடிந்த காலோடு. பிள்ளைகள் கோல் அடித்தால் காரைப் பார்த்தார்கள். தப்பு செய்தாலும் காரைப் பார்த்தார்கள்.

நான்காவது வாரம் நான் காரில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். “அப்பா, ஷங்க்லி கதையை எனக்குச் சொன்னது யாரு?” என்று கேட்டேன்.

பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் திடலைப் பார்த்தார். காரைக் கிளப்பினார். அந்தச் சனிக்கிழமை மாலை முழுவதும் போர்ட் கிள்ளான் கடலோரத்தில் உட்கார்ந்திருந்தோம். அப்பா பேசவே இல்லை. 23 ஆண்டுகளில் சனிக்கிழமை ஐந்து மணிக்குத் திடலுக்குப் போகாமல் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அடுத்தவர் யார் என்று இரவெல்லாம் விவாதிக்கிறோம். போகிறவர் அடுத்த சனிக்கிழமை எங்கே போவார் என்று நாங்கள் யாரும் யோசித்திருக்கவில்லை.

2025 கடைசியில் லிவர்பூல் அடுக்கடுக்காகத் தோற்கத் தொடங்கியது. ஜூலையில் டியோகோ ஜோத்தா கார் விபத்தில் இறந்த துக்கம் அந்த அணியின் மேல் இருந்தது. கிண்ணம் வென்று ஏழு மாதம் கூட ஆகவில்லை, ஸ்லோட் போகவேண்டும், அடுத்தவர் யார் என்று வானொலிக்குச் செய்திகள் வந்தன. ஈப்போ தாதியும் அனுப்பியிருந்தார்: “இப்பவாவது அலோன்சோவைக் கேட்கலாமா?” சிரித்துவிட்டேன். ரசிகர்களுக்கு இந்த விவாதம் எப்போதும் முடியாது. முடியவும் வேண்டாம்.

இப்போது திடலில் 31 பிள்ளைகள். நின்ற ஏழு பேரில் நான்கு பேர் திரும்பி வந்துவிட்டார்கள். பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு மணி நேரம் ஆரம்பித்திருக்கிறார் புதுக் கோச். அது அப்பாவுக்கு 23 ஆண்டுகளில் தோன்றாத யோசனை. மாநில அணிக்கு இன்னும் யாரும் போகவில்லை. மேசையில் இருந்த மாமா இன்னும் முனகுகிறார்.

அப்பா மாதம் ஒருமுறை போகிறார், புதுக் கோச் கூப்பிட்டால் மட்டும். போன மாதம் கூப்பிட்டிருந்தார். நானும் போனேன். புதிதாகச் சேர்ந்த ஒரு சின்னப் பையன் அப்பாவிடம் ஓடிவந்து, “தாத்தா, நீங்க யாரோட தாத்தா?” என்று கேட்டான்.

அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, திடலின் நடுவே விசிலோடு நின்றவரைக் காட்டினார். “அந்தக் கோச்சோட தாத்தா.”